மூன்றாவது பேஸுக்குக் கீழே ஒரு வீடு

அமெரிக்காவில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில், டொட்ஜர் ஸ்டேடியம் என்று ஒரு பேஸ்போல் மைதானம் இருக்கிறது. 1962 ஏப்ரலில் திறந்தார்கள். ஐம்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். அங்கே இரவு வேலைக்குக் கார் நிறுத்திக்கொடுக்கிற ஒருவன், ஆட்டம் பார்க்க வந்த ஒருவரிடம் கதை சொல்வதாக ஒரு பாட்டு உண்டு. இரண்டாவது பேஸ் இருக்கிற இடத்தில்தான் எங்கள் அம்மம்மா ஆடுகதிரையில் இருந்து கொடியில் காயும் உடுப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பா என்கிறான். முதலாவது பேஸ் கோட்டுக்கு நடுவில்தான் தனக்கு முதல் முத்தம் கிடைத்தது என்கிறான். உனக்கு எந்த ஊர் என்று கேட்டால் அவன் சொல்லும் விலாசம், மூன்றாவது பேஸ், டொட்ஜர் ஸ்டேடியம்.

பாட்டில் அழுகை இல்லை, ஆத்திரம் இல்லை. ஹவாய்த் தீவைச் சேர்ந்த பிளா பகினுயி என்ற பாடகர் பக்கத்து வீட்டுக்காரரோடு கதைப்பதுபோல மெதுவாகப் பாடிக்கொண்டு போகிறார். பின்னால் ஒரு கிற்றார், எங்கே இருக்கிறது என்று தெரியாத அளவுக்குச் சின்னதாக. 2005ஆம் ஆண்டு வந்த 'சாவேஸ் ரவீன்' என்ற இசைத்தட்டில் இந்தப் பாட்டு இருக்கிறது. அந்தக் கிற்றாரை வாசித்தவர், இசைத்தட்டைத் தயாரித்தவர், பெயர் ரை கூடர்.

யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் இருக்கிற எங்கள் ஊர் மயிலிட்டிக்காரருக்கு இந்தப் பாட்டை விளங்கப்படுத்த வேண்டியதில்லை. 1990 ஜூன் 15இல் போரால் ஊர் இடம்பெயர்ந்தது. 2017 ஜூலை 3இல்தான் துறைமுகமும் அதைச் சுற்றின 54 ஏக்கர் காணியும் இராணுவத்திடமிருந்து எங்கள் கையில் திரும்பக் கிடைத்தன. இருபத்தேழு வருசம். உள்ளே போன முதல் நாட்களில் சனம் தங்கள் காணியைத் தேடின விதத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மதில் இல்லை, வீடு இல்லை, ஒழுங்கை இருந்த இடத்தில் பற்றை. கிணற்றை வைத்து, ஒரு புளியமரத்தை வைத்து, கடலுக்கு எவ்வளவு தூரம் என்று கண்ணால் அளந்து, "இஞ்சதான் குசினி, இதில நிண்டுதான் அப்பா வலை பொத்துறவர்" என்று வெறும் நிலத்தில் கையால் கீறிக் காட்டினார்கள். அந்தப் பாட்டுக்காரன் செய்கிறதும் அதுதான்.

பாரிசில் இருக்கிற பெரியம்மாவின் மகன்தான் இந்த இசைத்தட்டை எனக்கு அனுப்பியவர். அண்ணைக்குக் கிற்றார்ப் பைத்தியம். அனுப்பிவிட்டு ஒரு வரிதான் எழுதியிருந்தார், முழுக்கக் கேட்டுவிட்டு எடு என்று. கேட்டேன். அதற்குப் பிறகு இந்த மனிசனின் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரை கூடரைப் பற்றித் தமிழில் விரிவாக ஒருவரும் எழுதி நான் வாசித்ததில்லை. எழுதியே ஆக வேண்டிய ஆள் என்று நினைக்கிறேன். அதற்கு எங்கள் நாட்டோடு சம்பந்தப்பட்ட ஒரு காரணமும் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

ரை கூடர் 1947 மார்ச் 15இல் லொஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். வளர்ந்தது பக்கத்திலே சாண்டா மோனிக்காவில். மூன்று வயதில் கத்தியோடு விளையாடி இடது கண்ணைக் குத்திக்கொண்டார். அந்தக் கண் போய்விட்டது, கண்ணாடிக் கண்தான் வைத்தார்கள். அடுத்த வருசம் தகப்பனின் சிநேகிதர் ஒருவர் நாலு கம்பி போட்ட சின்னக் கிற்றார் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். வயலின் வாசிக்கிறவர், இடதுசாரி என்று சொல்லி அந்தக் காலத்தில் வேலை மறுக்கப்பட்டவர்களில் ஒருவர். கிற்றாரைப் பிள்ளை கீழே வைக்கவேயில்லை.

பதின்மூன்று பதினாலு வயதில் ஆஷ் குரோவ் என்ற சின்னக் கிளப் ஒன்றில் போய் உட்காரத் தொடங்கினார். 1960களில் அமெரிக்காவின் தெற்கிலிருந்து வந்த கறுப்பின புளூஸ் கலைஞர்கள் பலர் அங்கேதான் வாசித்தார்கள். பார்வையில்லாத ரெவரெண்ட் கேரி டேவிஸ் என்ற கிழவர் வந்தால் பையன் முன்வரிசையில் இருந்து விரலையே பார்த்துக்கொண்டிருப்பான். அவரிடம் பாடமும் எடுத்தான். யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய மேளச்சமா கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா, தவில்காரருக்குக் கிட்டப்போய் உட்கார்ந்து, கூடு போட்ட விரல் எந்த இடத்தில் விழுகிறது என்று பார்க்கிறவர்கள்? அந்த மாதிரி. புத்தகத்தில் படித்ததில்லை, வாசிக்கிறவர் பக்கத்தில் இருந்து பிடித்தது.

புளூஸ் கிற்றாரில் ஒரு வாசிப்பு முறை உண்டு. போத்தலின் கழுத்தை உடைத்து, விளிம்பை மழுக்கி, இடது கை விரலில் போட்டுக்கொண்டு, கம்பியை அழுத்தாமல் மேலே வழுக்கிக்கொண்டு போவது. கிற்றாரில் தண்டு முழுக்கக் கட்டைகள் இருக்கின்றன, ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சுரம். போத்தல் கழுத்தைப் போட்டுவிட்டால் கட்டைகளுக்கு வேலை இல்லை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இடையில் இருக்கிற எல்லா இடமும் ஒலிக்கும். எங்கள் சங்கீதத்தில் ஜாரு என்பார்கள், நாதஸ்வரத்தில் உயிராகக் கேட்பதும் அதுதான். மிசிசிப்பிக் கரையில் பருத்தி பொறுக்கிய சனத்திடமும் அது இருந்தது. கம்பியைத் திறந்த சுருதியில், அதாவது விரல் வைக்காமல் மீட்டினாலே ஒரு ஸ்வரக்கோவை கேட்கிற மாதிரி, கட்டிக்கொள்வார்கள். அதனால் அடியில் எப்போதும் ஒரு சுருதி நின்று ஒலித்துக்கொண்டிருக்கும். தம்புரா வைத்துப் பழகின காதுக்கு இதில் அந்நியமே இல்லை.

பதினேழு பதினெட்டு வயதில் தாஜ் மகால் என்று பெயர் வைத்துக்கொண்ட கறுப்பினப் பாடகர் ஒருவரோடு சேர்ந்து றைசிங் சன்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்த குழு. கொலம்பியா நிறுவனம் பதிவு செய்தது, பிறகு இசைத்தட்டை வெளியிடாமல் அலுமாரிக்குள் வைத்துவிட்டது. 1992இல்தான் அது வெளியே வந்தது. அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் மற்றவர்களின் பதிவுகளில் கூலிக்கு வாசித்தார். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'லெட் இட் பிளீட்' இசைத்தட்டில் ஒரு பாட்டில் மண்டொலின் அவருடையது. 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' இசைத்தட்டில் வருகிற 'சிஸ்டர் மோர்ஃபீன்' பாட்டின் வழுக்கல் கிற்றாரும் அவருடையது. 1970இல் தன் பெயரிலேயே முதல் இசைத்தட்டு.

1970களில் அவர் போட்ட தட்டுகள் எல்லாமே நல்லவை. ஆனால் எனக்குப் பிடித்தது 1976இன் 'சிக்கன் ஸ்கின் மியூசிக்'. டெக்சாஸ் மெக்சிக்கோ எல்லைப்பக்கத்து அக்கோடியன் கலைஞர் ஃபிளாக்கோ ஹிமெனெஸையும் ஹவாய்க் கிற்றார்க் கலைஞர் காபி பகினுயியையும் இதில் கூட்டி வைத்து வாசித்தார். இந்த இருவரும் தங்கள் ஊரில் பெரிய ஆட்கள், வெளியில் பெரிதாக யாருக்கும் தெரியாது. கூடர் அவர்களிடம் போய் இருந்து, அவர்கள் வாசிக்கிற முறையைப் பழகி, பிறகுதான் பதிவுக்குக் கூப்பிட்டார். முதலில் சொன்ன பேஸ்போல் பாட்டைப் பாடிய பிளா, அந்தக் காபியின் மகன். முப்பது வருசத் தொடர்பு.

1979இன் 'பொப் டில் யூ ட்ரொப்' பெரிய நிறுவனம் ஒன்றிலிருந்து வந்த, டிஜிட்டலில் பதிவான முதல் பொப் இசைத்தட்டு. நன்றாக விற்றது. அவருக்கோ பிறகு அந்த ஒலி பிடிக்கவில்லை, மெலிந்துபோய்விட்டது என்ற குறை. இதைச் சும்மா சொல்லவில்லை. ஒரு அறையில் காற்று எப்படி அசைகிறது என்பது இந்த மனிசனுக்குச் சுரத்தைப்போல முக்கியமானது. பின்னால் அவர் தேடிப்போன இடங்களுக்கெல்லாம் காரணம் அதுதான்.

படங்களுக்கும் இசை அமைத்தார். அவற்றில் 1984இல் விம் வெண்டர்ஸ் எடுத்த 'பாரிஸ், டெக்சாஸ்' ஒன்றை மட்டும் சொல்கிறேன். பாலைவனத்தில் சிவப்புத் தொப்பி போட்டு ஒருவன் நடந்துகொண்டிருக்கிறான், ஒரு கிற்றார் மட்டும் இழுத்து இழுத்து ஒலிக்கிறது. அந்த இசைக்கு அடி, பிளைண்ட் வில்லி ஜோன்சன் என்ற பார்வையற்ற தெருப் பாடகர் 1927 டிசம்பரில் டலஸ் நகரத்தில் பதிவுசெய்த ஒரு துண்டு. அதில் சொற்களே கிடையாது, முனகல்தான், வழுக்கல் கிற்றாரும் கூடவே முனகும். 1977இல் வொயேஜர் விண்கலங்களில் ஏற்றி அனுப்பின தங்கத் தட்டில் அந்த முனகலும் போயிருக்கிறது. ஜோன்சனின் வீடு எரிந்துபோக, அந்த எரிந்த வீட்டுக்குள்ளேயே ஈரத்தில் படுத்திருந்துதான் காய்ச்சல் கண்டு 1945இல் செத்தார் என்று மனைவி சொல்லியிருக்கிறார். அவருடைய தட்டுகளை விற்றவர்கள் அப்போது எங்கே இருந்தார்கள் என்று தெரியவில்லை. புளூஸின் வரலாறு முழுக்க இந்த மாதிரிக் கதைகள்தான்.

இனி எங்கள் நாட்டுச் சம்பந்தம்.

இலங்கையில் பிறந்து கலிபோர்னியாவுக்குப் போன ஒருவர், பெயர் கவிச்சந்திரன் அலெக்சாண்டர், சாண்டா பார்பராவில் வோட்டர் லில்லி அகூஸ்டிக்ஸ் என்று ஒரு சின்ன இசைத்தட்டு நிறுவனத்தை நடத்தினார். கவிச்சந்திரன் என்ற பெயரை இசைத்தட்டின் பின்புறத்தில் முதன்முதலில் வாசித்தபோது கையில் வைத்துக்கொண்டு கனநேரம் பார்த்தேன். அவர் ஒலிப்பதிவு செய்த விதம் உலகத்துக்கே புறம்பானது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒவ்வொரு மைக் வைத்து, தனித்தனியாகப் பதிந்து, பிறகு மேசையில் இருந்து கலக்குவார்கள். பிழை வந்தால் அந்த இடத்தை மட்டும் திரும்ப வாசிக்கலாம். கவி அலெக்சாண்டர் ஒரு சோடி மைக்கை ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் வைத்தார். அலன் புளும்லைன் என்ற ஆங்கிலேயர் 1931இலேயே உரிமை பதிந்துவைத்த முறை அது. அதிலிருந்து வால்வு போட்ட கருவிகள் வழியாக நேரே ரேப்புக்கு. கலப்பது இல்லை, வெட்டி ஒட்டுவது இல்லை. வாசிக்கிறவர்கள் எவ்வளவு தூரத்தில் இருந்தார்களோ அந்தத் தூரமே தட்டில் கேட்கும். ஸ்டூடியோவும் இல்லை. சாண்டா பார்பராவில் உள்ள செயின்ற் அந்தனீஸ் குருமடத்தின் சிற்றாலயம்தான் அவருக்குக் கூடம். உயரக் கூரை, கல்லும் மரமும்.

அந்த ஆலயத்துக்குள் 1992 செப்டெம்பரில் கவி இரண்டு பேரைக் கொண்டுவந்து இருத்தினார். ஒருவர் ரை கூடர். மற்றவர் ஜெய்ப்பூரிலிருந்து வந்த விஸ்வ மோகன் பட், ரவிசங்கரின் சீடர். மேலைநாட்டுக் கிற்றாரை மாற்றி இருபது கம்பி போட்டு மோகன வீணை என்று பெயர் வைத்து மடியில் கிடத்தி வாசிக்கிறவர். பட் வழுக்குவது இரும்புத் துண்டால், கூடர் வழுக்குவது போத்தல் கழுத்தால். இரண்டு பேரும் முதல்முதல் சந்தித்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, பதிவு தொடங்கிவிட்டது. ஒத்திகை கிடையாது. தபேலாவுக்குச் சுக்விந்தர் சிங் நாம்தாரி. கூடரின் மகன் ஜோவாக்கிம், பதினாலு வயது, பக்கத்தில் இருந்து அரபுநாட்டுப் பறை ஒன்றைத் தட்டினான். வந்தது நாலே நாலு துண்டு, முழுவதும் நாற்பது நிமிடமளவில். தட்டின் பெயர் 'ஆற்றங்கரையில் ஒரு சந்திப்பு' என்று தமிழில் சொல்லலாம். 1994இல் அதற்குக் கிராமி விருது கிடைத்தது.

நீங்கள் அதைக் கேட்பதானால் ஹெட்போனில் கேளுங்கள், சத்தத்தைக் கூட்ட வேண்டாம். முதல் துண்டில் மோகன வீணை முன்னால் போகிறது. ஒரு சங்கதியைச் சொல்லி நிறுத்துகிறது. கூடர் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு மூச்சு விட்டு, கீழ்க் கம்பியில் ஒரே ஒரு சுரத்தை வைத்து, அதை மெதுவாக மேலே தள்ளுகிறார். அவ்வளவுதான் பதில். பட் பத்துச் சுரம் வாசித்தால் இவர் இரண்டு வாசிக்கிறார். அந்த இரண்டும் அந்தப் பத்தைத் தூக்கிப் பிடிக்கின்றன. தன் வித்துவத்தைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒரு கிற்றார்க்காரனுக்கு வராது, அவர் காட்டவில்லை. மூன்றாவது துண்டுக்குக் 'கங்கைக் கழிமுக புளூஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதிலே வேகம் கூடும்போது இரண்டு பேரும் ஆளை ஆள் துரத்துகிறார்கள், நாதஸ்வரமும் தவிலும் சபையில் ஒன்றையொன்று சீண்டுகிற அதே சந்தோசம். கடைசித் துண்டு 'ஈசா லேய்', பிஜித் தீவில் பிரியாவிடைக்குப் பாடுகிற மெட்டு. அந்த ஆலயத்தின் காற்று அதன் முடிவில் கொஞ்ச நேரம் தனியே கேட்கும்.

கூடரின் பழைய கூட்டாளி தாஜ் மகாலையும் கவி அலெக்சாண்டர் விடவில்லை. 1995இல் வந்த 'மும்தாஜ் மகால்' என்ற தட்டில் தாஜ் மகால் புளூஸ் பாடுகிறார், ஒரு பக்கம் பட்டின் மோகன வீணை, மறுபக்கம் என். ரவிகிரணின் சித்திர வீணை. சித்திர வீணையைத் தமிழருக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை, முன்பு கோட்டுவாத்தியம் என்றோம். மெட்டே இல்லாத தண்டில் உருளை ஒன்றை வழுக்கி வாசிப்பது. தஞ்சாவூர் மண்ணின் வழுக்கலும் மிசிசிப்பியின் வழுக்கலும் ஒரே அறையில் சந்தித்த பதிவு இது. அதை ஏற்பாடு செய்தவர் இலங்கையில் பிறந்தவர். எங்கள் இசை விழா மலர்களில் இதுவரை அவரைப்பற்றி ஒரு பக்கக் கட்டுரைகூட என் கண்ணில் படவில்லை. உரும்பிராயின் நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு வந்து பாடின பொப் பாட்டுகளை நாங்கள் இன்றும் கலியாண வீட்டில் பாடுகிறோம், அது நியாயம். கவிச்சந்திரன் அலெக்சாண்டர் என்ற பெயரையும் எங்கள் பிள்ளைகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பட்டோடு வாசித்த தட்டுக்குப் பிறகு கூடர் இன்னும் இன்னும் வெளியே போனார். மாலி நாட்டு அலி ஃபர்கா தூரேயோடு 1994இல் 'டோக்கிங் டிம்புக்டு'. தூரே நைஜர் ஆற்றங்கரையில் நியாஃபுங்கே என்ற ஊரில் கமம் செய்தவர், தன்னைக் கமக்காரன் என்றுதான் சொல்லிக்கொள்வார். பிற்காலத்தில் அந்த ஊருக்கு மேயராகவும் இருந்தார். அந்தத் தட்டுக்கும் கிராமி.

1996 மார்ச்சில் கியூபா. மாலியிலிருந்து கலைஞர்கள் ஹவானாவுக்கு வந்து கியூபாக் கலைஞர்களோடு வாசிப்பதாகத்தான் திட்டம், வேர்ல்ட் சர்க்கிட் நிறுவனத்து நிக் கோல்ட் ஒழுங்குசெய்தது. மாலிக்காரரால் வந்துசேர முடியவில்லை. ஸ்டூடியோவுக்குப் பணம் கட்டியாயிற்று, கூடர் வந்து இறங்கியாயிற்று. ஹுவான் டி மார்கோஸ் கொன்சாலஸ் என்ற கியூபாக் கலைஞர் ஊருக்குள் போய்ப் பழைய ஆட்களைத் தேடிக் கூட்டிவந்தார். இப்ராஹிம் ஃபெரேர் அப்போது பாட்டை விட்டுவிட்டுச் சப்பாத்துத் துடைத்துச் சீவித்துக்கொண்டிருந்தார். ரூபென் கொன்சாலஸ் பெரிய பியானோக் கலைஞர், எழுபத்தாறு வயது, வீட்டில் பியானோ இல்லை. ஒவ்வொரு நாளும் காலையில் ஸ்டூடியோக் கதவு திறக்கமுன்னமே வாசலில் வந்து நிற்பாராம். கொம்பே செகுண்டோவுக்கு எண்பத்தெட்டு. எக்ரெம் என்ற அந்த ஸ்டூடியோ உயரக் கூரையோடு மரம் பதித்த பழைய கூடம், அந்த அறையின் ஒலியைக் கேட்டே கூடருக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. ஆறு நாளில் பதிவு முடிந்தது. 'புவெனா விஸ்டா சோசியல் கிளப்' என்ற பெயரில் 1997இல் வெளியாகிப் பல இலட்சக்கணக்கில் விற்றது. 1998 ஜூலை 1ஆம் திகதி அந்தக் கிழவர்கள் நியூயோர்க் கார்னகி மண்டபத்தில் வாசித்தார்கள். 2000ஆம் ஆண்டு, சிறந்த புதிய கலைஞர் என்று இப்ராஹிம் ஃபெரேருக்கு லத்தீன் கிராமி விருது, வயது எழுபத்து மூன்று. கூடருக்கு அமெரிக்க அரசு கொடுத்தது 25,000 டொலர் தண்டம், தடையை மீறிக் கியூபாவில் வேலை செய்ததற்காக.

இதைப்பற்றி எதிர்ப்பேச்சும் உண்டு. பணக்கார நாட்டு வெள்ளைக்காரன் வந்து கண்டுபிடித்துத்தான் கியூபாவுக்குத் தன் கிழவர்களைத் தெரியவேண்டுமா, அந்த ஊரில் இளைஞர்கள் செய்கிற இசை எங்கே போயிற்று என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எங்கள் கூத்தையும் பறையையும் வெளிநாட்டு ஆய்வாளர் வந்து பதிந்துகொண்டு போன பிறகு நாங்கள் திரும்பிப் பார்த்த அனுபவம் எங்களுக்கும் இருக்கிறது. ஆனால் பதிவைக் கேட்கிறபோது என் மனதில் நிற்பது வேறு. அந்தத் தட்டு முழுக்கக் கூடரின் கிற்றாரைத் தேட வேண்டியிருக்கிறது. ரூபெனின் பியானோ கூடத்தின் நடுவில் இருக்கிறது, கொம்பேயின் குரல் முன்னால் இருக்கிறது, இவர் ஒரு மூலையில் இருந்து வழுக்குகிறார். ஃபெரேர் 2005இல் போனார், கொம்பேயும் ரூபெனும் 2003இலேயே போய்விட்டார்கள். அந்த ஆறு நாளும் பதியாமல் விட்டிருந்தால் அவர்களின் முதுமைக் குரல் இல்லை.

சாவேஸ் ரவீனுக்குத் திரும்பி வருகிறேன். 1987க்குப் பிறகு பதினெட்டு வருசம் கூடர் தன் பெயரில் தனித்தட்டு ஒன்றும் போடவில்லை. பிறகு போட்டது இதைத்தான், தான் பிறந்த ஊரைப் பற்றி.

லொஸ் ஏஞ்சல்ஸின் நடுவே ஒரு மலைப்பள்ளத்தில் பாலோ வெர்டே, லா லோமா, பிஷப் என்று மூன்று குடியிருப்புகள் இருந்தன. பெரும்பாலும் மெக்சிக்கோ வம்சாவழிக் குடும்பங்கள். ஆடு, கோழி, தோட்டம், ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம். 1950 ஜூலையில் நகரத்து வீடமைப்பு அதிகார சபையிலிருந்து எல்லாருக்கும் கடிதம் வந்தது, காணியை எடுக்கப்போகிறோம், அரசாங்க மாடிவீடுகள் கட்டப்போகிறோம், கட்டி முடிந்தால் உங்களுக்குத்தான் முதலிடம் என்று. அதை நம்பிப் பெரும்பாலானவர்கள் போய்விட்டார்கள். பிறகு அரசியல் மாறிற்று. அரசாங்க வீடு என்றால் கம்யூனிசம் என்று பிரசாரம். திட்டத்துக்காக உழைத்த ஃபிராங்க் வில்கின்சன் என்ற அதிகாரியை நீ கம்யூனிஸ்டா என்று விசாரணையில் கேட்டார்கள், பதில் சொல்ல மறுத்தார், வேலை போயிற்று, பிற்காலத்தில் சிறைக்கும் போனார். மாடிவீடு ஒன்றும் எழும்பவில்லை. காணி கடைசியில் புரூக்ளினிலிருந்து வந்த டொட்ஜர்ஸ் அணியின் கைக்குப் போனது. போகமாட்டோம் என்று நின்ற சில குடும்பங்களை 1959 மே 8இல் பொலிசார் வெளியே இழுத்தார்கள். ஒரு பெண்ணைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வீட்டுப்படியால் இறங்குகிற படம் இன்றும் இருக்கிறது. பின்னால் புல்டோசர். பள்ளிக்கூடத்தை இடிக்கக்கூட இல்லை, கூரையைக் கழற்றிவிட்டு மண் நிரப்பி மூடினார்கள். இப்போது அதற்கு மேலே கார் நிற்கிறது.

கூடர் இதைப் பாட்டாக்கினபோது தான் ஒருவனே இருந்து பாடவில்லை. அந்தக் காலத்து மெக்சிக்க அமெரிக்க இசையின் முன்னோடிகள் லாலோ குவெரேரோவையும் டொன் தோஸ்தியையும் தேடிப் பிடித்தார். இரண்டு பேரும் எண்பதைத் தாண்டியவர்கள். ஃபிளாக்கோவின் அக்கோடியன் வந்தது. ஃபிராங்க் வில்கின்சனின் சொந்தக் குரலே ஒரு பாட்டுக்குள் வருகிறது. கறுத்த பட்டியலில் போடப்பட்ட ஒருவர் கையால் கிற்றார் வாங்கிய பிள்ளை, ஐம்பது வருசம் கழித்து அதே மாதிரித் துரத்தப்பட்ட ஒருவரைத் தன் தட்டில் பேசவைத்திருக்கிறார். டொன் தோஸ்தி 2004இல் காலமானார், லாலோ 2005 மார்ச்சில். இருவரும் தட்டு கடைக்கு வருவதைப் பார்க்கவில்லை, ஆனால் பதிவு முடிந்திருந்தது.

அம்மாவுக்கு இந்தப் பேஸ்போல் பாட்டைப் போட்டுக்காட்டி வரி வரியாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவ, "அந்த ஆளுக்குக் காணி திருப்பிக் குடுத்தவங்களோ?" என்று கேட்டா. இல்லை அம்மா, இப்பவும் அங்கே பேஸ்போல்தான் என்றேன். "பாவம்" என்றா. வலிகாமம் வடக்கில் இன்னமும் விடுபடாத காணிகளின் சொந்தக்காரர் எங்கள் சொந்தத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பாவம் என்று நினைக்கிறேன்.

கூடர் இப்போதும் வாசிக்கிறார். 2022இல் தாஜ் மகாலோடு திரும்பச் சேர்ந்து 'கெற் ஒன் போர்ட்' என்ற தட்டைப் போட்டார், சிறுவயதில் கேட்டு வளர்ந்த சொனி டெரி, பிரௌனி மக்கீ என்ற புளூஸ் சோடியின் பாட்டுகள். பதினேழு வயதில் தொடங்கின கூட்டு. பதினாலு வயதில் தபேலாவுக்குப் பக்கத்தில் இருந்து தட்டின பையன் ஜோவாக்கிம்தான் இதில் தாளம். 2023இல் பாரம்பரிய புளூஸ் பிரிவில் கிராமி கிடைத்தது. இரண்டு கிழவர்களும் சிரித்துக்கொண்டு வாசிப்பது தட்டில் கேட்கிறது.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் பட்டோடு வாசித்த தட்டில் தொடங்கலாம், எங்கள் காதுக்கு அதுதான் கிட்ட. பிறகு 'சிக்கன் ஸ்கின் மியூசிக்'. சாவேஸ் ரவீனைக் கடைசிக்கு வைத்து, ஒரே இருப்பில், முதலிலிருந்து முடிவுவரை கேளுங்கள்.

ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. மயிலிட்டியில் வலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டுகளை முழுக்கத் தெரிந்தவர்கள் இப்போது சிலர்தான். நானும் மாமாவின் மகனும் ஃபோனிலேயே பதியத் தொடங்கியிருக்கிறோம். முடிந்தளவுக்கு வீட்டு முற்றத்தில், ஃபோனை அசையாமல் ஒரு கதிரையில் வைத்து, வெட்டாமல் ஒட்டாமல், இடையில் காகம் கத்தினாலும் விட்டுவிட்டு. 1990க்கு முந்தின எங்கள் ஊர்க் கசெற் யாரிடமாவது இருந்தால், கோயில் திருவிழா, கலியாண வீடு, பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டி, எதுவாக இருந்தாலும், தயவுசெய்து அறியத் தாருங்கள். இடம்பெயர்ந்து போகும்போது பையில் போட்டுக்கொண்டு போன கசெற்றுகள் பாரிசிலும் ரொறன்ரோவிலும் பெட்டிக்குள் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். ரேப் ஒட்டிப்போயிருந்தாலும், பூஞ்சணம் பிடித்திருந்தாலும் எறிய வேண்டாம். போட்டுப் பார்க்கவும் வேண்டாம், அறுந்துவிடும். அப்படியே அனுப்புங்கள், திருத்தத் தெரிந்த ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்.